சரிவுக் கொல்லையில் சிறு டிராக்டர்
(வானொலி உரை)



காலை வேளையில் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமச் சாலையில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வண்டிகள் வந்து நம் வீட்டுப் பெண்களையும் வாலிபப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, நல்லதுதான். ஆனால் மலையடிவாரக் கொல்லையில் ஏர் பிடிக்க ஆள் இல்லை. உழவு மாட்டையும் பலர் விற்றுவிட்டோம். ஆகவே சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சரிவுக் கொல்லைக்கும் இன்று டிராக்டரைத்தான் தேடுகிறோம். அந்த டிராக்டரைச் சரிவில் எப்படி ஓட்டுவது, எங்கே ஓட்டக் கூடாது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

சிறு டிராக்டர் என்பது சுமார் 15 முதல் 25 குதிரைத் திறன் உள்ளது. எடை குறைவு, திரும்பக் கொஞ்சம் இடம் போதும். "சின்ன வண்டிதானே சார், எங்கே கவிழப் போவுது?" என்று கேட்கிறார்கள். அகலம் குறைந்த வண்டிதான் சாய்மானத்தில் சீக்கிரம் சாயும் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் சரிவை அளந்து பாருங்கள். கண்ணளவு ஏமாற்றும். 10 அடி நீளமுள்ள நேரான சவுக்குக் கழி ஒன்றை எடுத்து, ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வையுங்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கழியின்மேல் படுக்க வைத்து, தண்ணீர் மட்டமாக நிற்கும் வரை பள்ளத்து முனையைத் தூக்குங்கள். அந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். 1 அடி வரை இருந்தால் நிதானமாகக் குறுக்கே உழலாம். 1 அடிக்கு மேல் 2 அடி வரை என்றால், பின் சக்கரங்களை அகலமாக வைத்து மாட்டி, ஈரம் காய்ந்த பிறகு, கல்லும் குழியும் பார்த்து ஓட்ட வேண்டும். 2 அடிக்கு மேல் என்றால் அங்கே டிராக்டர் உழவு வேண்டாம். இது நான் வைத்திருக்கும் கணக்கு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை: இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும். இறக்கத்துக்கு முன்பே, சமதரையில், சின்ன கியரைப் போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றினால் அந்த நொடியில் வண்டி நம் கையில் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் இறக்கத்திலும் நாலு சக்கர ஓட்டத்திலேயே இருக்கட்டும். முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பாரம் இழுக்கும் சங்கிலியை அச்சிலோ டாப் லிங்கிலோ கட்டாதீர்கள். கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டி மேடு ஏறினால் முன் சக்கரம் தூக்கி, கண் மூடித் திறப்பதற்குள் வண்டி பின்பக்கம் புரண்டுவிடும்.

இனி, எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் வண்டிக்கு வருவோம். ஹைட்ராலிக் என்றதும் கலப்பை தூக்குவதை நினைக்க வேண்டாம். இது சக்கரத்தையே எண்ணெயால் ஓட்டுவது. கழனியில் நெல் அறுக்க வரும் பெல்ட் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை முன்னே தள்ளினால் முன்னே போகும். பின்னே இழுத்தால் பின்னே வரும். என்ஜின் பம்பைச் சுற்றுகிறது, பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் மோட்டாரைச் சுற்றி வண்டியை நகர்த்துகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சிறு டிராக்டர்களிலேயே இந்த முறை சகஜம். அங்கே பெரும்பாலும் காலால் மிதிக்கும் பெடல். நம் பக்கத்து உழவு டிராக்டர் பெரும்பாலும் கியர் வண்டிதான். ஆனாலும் எண்ணெய் வண்டியின் குணத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நடுச் சரிவில் கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால் மூன்று இடத்தில் ஏமாந்துவிடுவோம்.

ஒன்று, மேடு ஏறும்போது என்ஜின் திணறினால் பெடலை இன்னும் அழுத்துகிறோம். அது தப்பு. அந்தப் பெடல் ஆக்சிலேட்டர் அல்ல. அதிகம் மிதித்தால் பெரிய கியர் போட்டதற்குச் சமம். என்ஜின் நின்றே போகும். என்ஜின் வேகத்தைக் கைக்கம்பியால் முன்பே கூட்டி வைத்து, திணறும்போது பெடலைத் தளர்த்த வேண்டும்.

இரண்டு, காலை எடுத்தால் வண்டி நிற்கிறது என்பதால் எண்ணெயையே பிரேக் என்று நம்பிவிடுகிறோம். சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போய் உள்ளே இடுக்குகளில் நழுவும். நிறுத்திய வண்டி மெல்ல நகர ஆரம்பிக்கும். எனவே கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே இறங்க வேண்டும்.

மூன்று, வேகமா மெதுவா என்று மாற்றும் கம்பியையும், பழுதான வண்டியை இழுத்துப் போவதற்காக வைத்திருக்கும் விடுப்பு வால்வையும் சரிவில் தொடவே கூடாது. தொட்டால் எண்ணெய்க்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடி விட்டுப்போய் வண்டி உருண்டோடும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மலையடிவாரக் கிராமத்தில் கூட்டம் போட்டு, "சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், மண் அரிக்காது" என்று பேசினேன். கேட்ட விவசாயி ஒருவர் அப்படியே செய்தார். அவர் கொல்லையின் மேல் பாதி செங்குத்து. வாடகை வண்டி, மணிக் கணக்கு, அவசரம். மேல் சக்கரம் கல்லில் ஏறியது, கீழ்ச் சக்கரம் குழியில் இறங்கியது, வண்டி புரண்டது. பெரியவர் உயிர் தப்பினார். ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. பார்க்கப் போனபோது, "நீங்க சொன்ன மாதிரிதானே சார் ஓட்னேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாதிப் பாடத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

மீதிப் பாடத்தை இன்று சொல்லிவிடுகிறேன். செங்குத்துச் சரிவில் மேலும் கீழுமாக உழுதால் வண்டி கவிழும் பயம் குறையும். ஆனால் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகி மழையில் மேல்மண் போய்விடும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது அந்தச் செம்மண் நிறத்தைப் பார்த்தோம் அல்லவா? அதில் நம் கொல்லை மண்ணும் உண்டு. குறுக்கே உழுதால் மண் தங்கும். ஆனால் ஆள் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, அந்தப் பகுதியை உழாமல் விடுவதுதான். கொல்லையில் பொறுக்கிய கல்லையே கொண்டு சரிவுக்குக் குறுக்கே கல் வரப்புப் போடுங்கள். இடையில் குழி எடுத்து மா, புளி, சீத்தா வையுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் பள்ளத்துப் பக்கம் பிறை போல அணை கட்டுங்கள். மழைத்தண்ணீர் அங்கேயே இறங்கும். டிராக்டர் கீழே உள்ள சமக் கொல்லையில் உழட்டும்.

வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் சரிவு நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் பேசுங்கள். மணி ஓடுகிறதே என்ற பதற்றம் இருக்காது. மட்கார்டில் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, ஏற்றாதீர்கள். புது வண்டி வாங்குபவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் கவிழ்ப்புக் காப்பு வளைவு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சுவீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டருக்கு இந்தக் காப்பைக் கட்டாயமாக்கினார்கள். கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வளைவு உள்ள வண்டியில் பெல்ட் போட வேண்டும். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

கல் வரப்புக்கும் வாடகை இயந்திரத்துக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும், பயிர் யோசனைக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையில் ஒரு கழியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உங்கள் கொல்லைக்குப் போய் அளந்து பாருங்கள்.