சிக்கனச் சமையலும் கடனில்லாக் குடும்பமும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதை, உரம், பாசனம், சந்தை ஆகியவற்றைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று அடுப்பங்கரையைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். சமையலைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களிடம் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். வயலில் ஈட்டிய பணம் எவ்வெவ்வழிகளில் கையைவிட்டுப் போகிறது என்று ஆராய்ந்தால், அவற்றுள் ஒரு வழி அடுப்பங்கரையின் வாயிலாகச் செல்வது புலப்படும்.

அறுவடைக் காலத்தில் விளைபொருளின் விலை இறங்கிவிடுவது வழக்கம். சில மாதங்கள் வைத்திருந்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கக்கூடும் என்பதை அறியாத விவசாயி இல்லை. ஆயினும் மளிகைக் கடைப் பாக்கியும் கைம்மாற்றும் வாசலில் வந்து நிற்பதால், களத்துமேட்டிலேயே விற்றுவிட நேரிடுகிறது. மூன்று மாதச் செலவுக்குரிய தொகையைக் கையிருப்பாக வைத்துள்ள குடும்பமே பொறுத்திருந்து விற்க முடியும். குடும்பம் தன் காலில் நிற்பது என்று நாம் கூறுவது இதனையேயாகும்.

ஒரு சிறு கணக்கு

நடவு, களையெடுப்பு, அறுப்பு நாட்களில் கணவனும் மனைவியும் விடியுமுன்பே புறப்பட வேண்டியுள்ளது. சமைக்க நேரமில்லாமையால் காலையில் டீக்கடைப் பலகாரமும் இரவில் பொட்டலப் பரோட்டாவும் வீட்டுக்கு வருகின்றன. இச்செலவைக் குறைத்து ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 40 ரூபாய் மிச்சப்படுத்துவதாகக் கொள்வோம். மாதத்திற்கு 1,200 ரூபாய் ஆகிறது.

அக்குடும்பத்திற்கு, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 20,000 ரூபாய் கடன் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 600 ரூபாய். மாதந்தோறும் 1,200 ரூபாய் செலுத்தினால், வட்டி போக எஞ்சியது அசலில் கழியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, 24 மாதங்களுக்குள் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வட்டியை மட்டும் கட்டி வருபவரோ அதே 24 மாதங்களில் 14,400 ரூபாய் கொடுத்த பின்னரும் 20,000 ரூபாய்க்குக் கடனாளியாகவே இருப்பார். கடன் தீர்ந்தபின் அதே 1,200 ரூபாயைச் சேமிக்கும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 14,400 ரூபாய் கையிருப்பு சேரும். சிறுதுளி பெருவெள்ளம் என்று நம் முன்னோர் கூறியது வீண்பேச்சன்று.

முன்னேற்பாடே விரைவு

விரைவாகச் சமைப்பதற்குக் கைவேகத்தைவிட முன்னேற்பாடே முக்கியம். வாரச் சந்தை நாளன்று மாலை, அடுத்த ஏழு நாட்களுக்கு என்ன சமைப்பது என்று குடும்பத்தினர் கூடி முடிவு செய்துகொள்ளலாம். விரைவில் வாடும் கீரையையும் தக்காளியையும் முதலிலும், பூசணி, கருணை, சேனை போன்றவற்றை வாரக் கடைசியிலும் பயன்படுத்தினால் காய்கறி வீணாகாது.

கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு முதலியவற்றை இரவே ஊறவைத்துவிட்டால் மறுநாள் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். நேரம் மிகக் குறைவான நாளில், ஊறவைக்காமலே விரைவில் வேகும் பாசிப்பருப்பு கைகொடுக்கும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேர்த்து அரைத்த மாவு, முதல் நாள் இட்லிக்கும் மறுநாள் தோசைக்கும் ஆகும். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றுள் இரண்டேனும் வீட்டில் இருந்தால், சோறு வடித்த பத்து நிமிடத்தில் பந்தி போடலாம். கோடை வெயிலில் போட்ட கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் மழைக்கால விலையேற்றத்திலிருந்து நம்மைக் காக்கும். புளி, மிளகாய், பருப்பு வகைகளை அவை அறுவடையாகும் பருவத்தில் மொத்தமாக வாங்குவதே சிக்கனம்.

பழைய சோற்றை ஏளனமாக எண்ண வேண்டியதில்லை. இரவில் நீரூற்றிய சோறு, மோர், சிறிய வெங்காயம் ஆகியவை அடுப்பு மூட்டாமலே கிடைக்கும் காலை உணவாகும். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் அத்தகையனவே. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ அது மிகச் சொற்பம்.

எரிபொருளில் சிக்கனம்

சோற்றைக் குழைய வடித்துக் கஞ்சியைக் கொட்டுவோர், அதனுடன் கரையும் பி வகை வைட்டமின்களையும் கொட்டிவிடுகின்றனர். அளவாக நீர் வைத்துப் பொங்குவது சத்தையும் காக்கும், எரிபொருளையும் காக்கும். உலை கொதித்தபின் தழலைக் குறைக்க வேண்டும். கொதிக்கும் நீர் எவ்வளவு எரித்தாலும் மேலும் சூடாவதில்லை. ஆவியாகப் போவதே மிச்சம். பிரஷர் குக்கரில் ஆவி அடைபட்டிருப்பதால் வெப்பம் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்ந்து, பருப்பு விரைவில் வேகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிண்ணங்களை அடுக்கினால் சோறு, பருப்பு, காய் மூன்றும் ஒரே தழலில் முடியும். வங்காளத்தைச் சேர்ந்த இந்துமாதவ் மல்லிக் என்னும் அறிஞர் 1910-ஆம் ஆண்டிலேயே இவ்வாறு அடுக்குப் பாத்திரங்களில் ஆவியால் சமைக்கும் குக்கரை அமைத்தார்.

குக்கர் வாங்க இயலாதவர்களுக்கும் வழியுண்டு. ஐரோப்பிய நாடுகளில் உலகப் போர்க் காலங்களில் எரிபொருள் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வைக்கோல் பெட்டி பயன்பட்டது. மரப்பெட்டி அல்லது பெரிய கூடையின் அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்திற்கு வைக்கோலை இறுக அடைத்து, நடுவில் பாத்திரம் அமரக் குழி விட வேண்டும். பச்சரிசியை அளவான நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறுக மூடி, அடிப்பாகத்தில் தணல் ஒட்டவில்லை என்று பார்த்து, குழியில் வைத்து, மேலே வைக்கோல் திணித்த சாக்கினால் மூடிவிடலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் உள்ளிருக்கும் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். புழுங்கலரிசியைச் சற்றுக் கூடுதலாகக் கொதிக்கவிட வேண்டும். இடையில் திறத்தல் கூடாது. பெட்டியை அடுப்பருகில் வைத்தலும் கூடாது. வைக்கோல் நம் ஊரில் விலை கொடுத்து வாங்கும் பொருளன்று.

எதில் சிக்கனம் கூடாது?

சிக்கனம் என்பது தாயின் தட்டிலிருந்து எடுத்துச் சேமிப்பதன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் இந்நிலையை மேலும் கெடுக்கிறது. கீரை, பயறு, முட்டை, குழந்தைகளின் பால் ஆகியவற்றில் கை வைத்தால், மிச்சமானது மருத்துவச் செலவாகத் திரும்பிப் போகும். குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பாயும் இடத்தில் ஒரு முருங்கை, ஓர் அகத்தி, நான்கு வாழை வைத்தால் கீரைக்குக் காசு தேவையில்லை.

ஆடவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயலில் இருவரும் உழைத்துத் திரும்பும்போது, ஒருவர் திண்ணையிலும் மற்றவர் அடுப்படியிலும் அமர்வது நியாயமன்று. தண்ணீர் இறைப்பது, காய் நறுக்குவது, மாவு அரைப்பது ஆகிய வேலைகளை ஆடவர் ஏற்றுக்கொண்டால் அரைமணி நேரத்தில் சமையல் முடியும். கடைப் பொட்டலத்திற்கு அவசியமும் இராது.

ஊராட்சியின் பங்கு

1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 2022-இல் தொடங்கி 2023-இல் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவும் ஏழைத் தாய்மார்களின் சுமையைக் குறைக்க வந்தவை. உங்கள் ஊர்ப் பள்ளியில் அவ்வுணவு நேரத்தோடும் தரத்தோடும் கிடைக்கிறதா என்று உறுப்பினர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் வேரூன்றிய மகளிர் சுய உதவிக் குழு முறை, சேமிப்புக்கு மட்டுமன்றிப் பருப்பு, எண்ணெய், புளி ஆகியவற்றை மொத்த விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளவும் ஏற்றது. ஊருக்கு ஒரு வைக்கோல் பெட்டியைச் செய்து, கிராம சபை கூடும் நாளில் எல்லோரும் காண அதில் சமைத்துக் காட்டலாம்.

அன்பர்களே! இவற்றை எல்லாம் ஒரே நாளில் செய்துவிட வேண்டும் என்பதில்லை. இவ்வாரச் சந்தை முடிந்ததும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் உணவுச் செலவைக் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் மிச்சமான தொகையை அன்றே கடனுக்குச் செலுத்துங்கள். கடனில்லாதவர் அஞ்சலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ போடுங்கள். அடுத்த அறுவடையில் விலைக்காகக் காத்திருக்கும் வலிமை உங்களில் சிலருக்கேனும் வாய்க்குமானால், நாம் இங்குக் கூடியது பயனுடையதாகும்.