படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசுகிற ஆள் இல்லை. குழுக் கூட்டத்திலேயே மூலையில் உட்கார்ந்து சேமிப்பைக் கட்டிவிட்டு எழுந்து போகிறவள். "உனக்கு நடந்ததை நீயே சொன்னாத்தான் நாலு பேருக்கு மனசுல நிக்கும்" என்று எங்க ஊக்குநர் அக்கா பிடித்து நிறுத்திவிட்டார். நடுவில் குரல் கம்மிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். 2022 ஆவணி மாதம், உசிலம்பட்டியில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு சாயங்காலம் வண்டியில் வந்துகொண்டிருந்தார். தேனி ரோட்டில் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருக்கு அப்போது 38 வயது. மகள் எட்டாவது, மகன் அஞ்சாவது. கூட அவருடைய அம்மா, எங்க அத்தை.

அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தது நான்தான். "பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தே பாதி நாள் வேலை போகுது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். குழுவில் 50,000 ரூபாய் கடன் எடுத்து, பழைய வண்டி ஒன்று வாங்கினோம். அவர் போன பிறகு ரெண்டு மாசம் நான் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை. அந்தக் கடனை வாங்காமல் இருந்திருந்தால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் மனுஷன் இருந்திருப்பார் என்றே மனசு சுற்றிச் சுற்றி வந்தது.

கருமாதிக்கு முதல் நாள் சாயங்காலம் லாரிக்காரர் தரப்பில் நாலு பேர் வந்தார்கள். கையில் 2 லட்சம் ரூபாயும் ஒரு பத்திரமும். "கேஸு கோர்ட்டுன்னு போனா பத்து வருஷம் இழுப்பான். கையெழுத்துப் போட்டுட்டுக் காசை வாங்கிக்கம்மா" என்றார்கள். என் கொழுந்தனாரும் வாங்கச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. காரியத்துக்கு வாங்கின கடன் அவர் தலையில்தான் இருந்தது. நானும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது சுவரில் சாய்ந்து கிடந்த எங்க அத்தை, பதினைஞ்சு நாளாக யாரிடமும் பேசாதவர், சொன்னார்: "எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல? படிச்சுப் பாத்துட்டுப் போடு."

நம்ம குழுவில் முதல் நாளிலிருந்து ஒரு பழக்கம் உண்டு. தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் அந்தத் தாளைப் படித்தேன். "விபத்து என் கணவரின் கவனக்குறைவால் ஏற்பட்டது, இனிமேல் எந்த வழக்கும் போட மாட்டேன்" என்று எழுதியிருந்தது. பின்னால் வந்து இடித்தது லாரி. செத்தவர் மேல் தப்பு என்று பொண்டாட்டியே எழுதிக் கொடுப்பதா? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் ஊரில் ரெண்டு விதமாகப் பேச்சு. "புருஷன் உசுருக்கு வெலை பேசுறா" என்று சிலர். "லாரிக்காரனும் புள்ளகுட்டிக்காரன்தானே, அவன் வயித்துல அடிக்கலாமா" என்று சிலர். ரெண்டுக்கும் அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும், சொல்கிறேன்.

ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வண்டியால் அடுத்தவருக்குச் சாவோ காயமோ வந்தால் கொடுப்பதற்காகத்தான் வருஷா வருஷம் பிரீமியம் வாங்குகிறார்கள். காப்பீடு செல்லுபடியாக இருந்தால் பணத்தைக் கட்டுவது கம்பெனிதான், லாரிக்காரர் வீட்டுச் சோற்றுப் பானை இல்லை. உயிருக்கு யாரும் விலை போட முடியாது. கோர்ட்டு போடுவது, அவர் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன சம்பாதித்துப் போட்டிருப்பார் என்ற கணக்கு. அது பிள்ளைகளின் பங்கு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஊக்குநர் அக்காவும் பிரதிநிதியும் என்னை மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போனார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு ஆள் வந்து "வர்ற பணத்துல மூணுல ஒரு பங்கு குடுத்தாப் போதும்" என்று பேசியிருந்தார். அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான விதிப்படியே கூடாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வழக்குப் போடுகிற இடத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று பெயர். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நாம் குடியிருக்கிற பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. வருஷத் திதி முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. போலீசும் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி உண்டு. அதை நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

என்னென்ன தாள் கேட்டார்கள் என்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, தாலுகா ஆபீசில் வாங்குகிற வாரிசுச் சான்று, அவருடைய ஓட்டுநர் உரிமம், ஆதார், வயதுக்கு ஆதாரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, என் வங்கிப் புத்தகம். இடித்த லாரியின் ஆர்.சி., காப்பீட்டு விவரம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, போலீஸ் வரைந்த சம்பவ இட வரைபடம் இதெல்லாம் ஸ்டேஷன் வழியாகக் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கையை வாங்கியதும் யார் மேல் வழக்கு, வண்டி நம்பர் சரியா என்று படித்துப் பாருங்கள். செத்தவர் வந்து பேச மாட்டார். அவருக்காக நாம்தான் படிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என்னைக் கூண்டில் ஏற்றி, காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் கேட்டார்: "உங்க கணவருக்குச் சம்பள ரசீது இருக்கா? வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" கொத்தனாருக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் கொடுப்பார், அவர் என் கையில் கொடுப்பார். அவ்வளவுதான்.

எங்க வக்கீல் அம்மா மூன்று சாட்சியம் வைத்தார். ஒன்று, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. அவர் கொத்தனார்தான் என்பதற்கு அது ஆதாரம். ரெண்டாவது, மேஸ்திரி வந்து சொன்ன சாட்சி. மூணாவது, நம்ம குழுவின் கடன் பதிவேடும் தீர்மானப் புத்தகமும். அதில் எழுதியிருந்தது: "நோக்கம்: கணவர் கொத்தனார் வேலைக்குச் சென்று வர இருசக்கர வாகனம்." அதற்குக் கீழே மாதம் தவறாமல் 2,500 கட்டின வரவு. சேமிப்பு தனி. ஊக்குநர் அக்கா கூண்டில் ஏறி, "இந்தப் புத்தகம் மாசா மாசம் எல்லார் முன்னாலயும் எழுதி, வாசிச்சு, கையெழுத்து வாங்குனது" என்று சொன்னார். சம்பாத்தியம் இல்லாத வீட்டிலிருந்து மாசம் தவறாமல் தவணை வருமா என்று எங்க வக்கீல் அம்மா கேட்டார். எந்தக் கடனை நினைத்து நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேனோ, அந்தக் கடன் எழுதிய பக்கம்தான் எனக்குச் சாட்சியாக வந்து நின்றது.

மாதம் 12,000 வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று வக்கீல் அம்மா எழுதிக் காட்டினார். உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்துக் கொடுத்த முறை அது. 40 வயதுக்குக் கீழே உள்ள கூலிக்காரருக்கு, வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 16,800. அவரை நம்பி நாங்கள் நாலு பேர். அதனால் அவர் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 12,600. வருஷத்துக்கு 1,51,200. 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்கு 15 மடங்கு. ஆக 22,68,000. அதோடு துணையை, தகப்பனை, மகனை இழந்ததற்கும் ஈமச் செலவுக்கும் தனித்தனித் தொகை. மொத்தம் 24,77,000.

ஆனால் அதில் பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டார்கள். தலைக்காயத்தில்தான் போனார், ஹெல்மெட் போடவில்லை. அது வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. 2,47,700 ரூபாய் அதில் போனது. பணம் போகட்டும். போட்டிருந்தால் ஆளே இருந்திருப்பாரோ என்னவோ.

இன்னொரு தப்பும் எங்களுடையது. வண்டி வாங்கி எட்டு மாசம் ஆகியும் ஆர்.சி. பழைய ஆள் பேரிலேயே இருந்தது. "அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று தள்ளிப்போட்டோம். நம் வண்டிக்குக் காப்பீடு கட்டும்போது, வண்டி உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தால் 15 லட்சம் என்று ஒரு காப்பீடு உண்டு. யார் மேல் தப்பு என்று அதில் பார்ப்பதில்லை. தானாக விழுந்து இறந்தாலும் உண்டு. ஆனால் ஆர்.சி.யும் பாலிசியும் அவர் பேரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் பழைய வண்டி வாங்கியிருந்தால், போனதும் முதல் வேலையாக ஆர்.சி.யில் யார் பேர் என்று பாருங்கள்.

வழக்கு முடிய இரண்டரை வருஷம் ஆனது. அதுவரை எப்படிச் சாப்பிட்டோம்? நான் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போனேன். குழு ரெண்டு மாசத் தவணையைத் தள்ளிவைத்தது. அதோடு, வங்கியில் நம்ம குழு எல்லாரையும் வற்புறுத்திச் சேர்த்துவிட்ட 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, அதில் 2 லட்சம் வந்தது. வருஷத்துக்கு 20 ரூபாய், அக்கா. மே மாசக் கடைசியில் கணக்கில் அந்த இருபது ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு நின்றுவிடும். விபத்து நடந்தால் 30 நாளுக்குள் வங்கியில் தெரிவிக்க வேண்டும்.

தீர்ப்புப் பணம் வந்தபோது பிள்ளைகளின் பங்கை வங்கியில் 18 வயது வரை வைப்புத்தொகையாகப் போடச் சொல்லிவிட்டார்கள். அத்தைக்குத் தனிப் பங்கு. பணம் வந்த வாரத்தில் கடன் கேட்டு வராத சொந்தம் இல்லை. "கோர்ட்டு பூட்டி வச்சிருக்கு" என்று சொல்லித் தப்பித்தேன்.

எல்லா விபத்தும் எங்களுடையது மாதிரி இருக்காது. இடித்த வண்டி நிற்காமல் ஓடிப்போய், நம்பர் தெரியாவிட்டாலும் 2 லட்சம் அரசு நிவாரணம் உண்டு. தாலுகா ஆபீசில் விசாரித்து மனுக் கொடுக்க வேண்டும். இறந்தது சம்பளத்துக்குப் போகாத பெண்ணாக இருந்தால், "வீட்டுல சும்மாதான் இருந்தா" என்று சொல்லி யாராவது குறைத்துப் பேசுவார்கள். விடாதீர்கள். வீட்டில் செய்கிற வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சோறாக்கி, தண்ணி சுமந்து, பிள்ளை பார்த்து, மாடு பார்க்கிற நம்ம உழைப்புக்கும் கணக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டு ஆர்.சி., லைசென்ஸ், காப்பீடு, வாரிய அட்டை நகலை ஒரு கவரில் போட்டு வைப்பது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் குழுவிலிருந்து ரெண்டு பேர் பதினாறு நாளும் கூடவே இருப்பது. அழுவதற்கு மட்டும் இல்லை. யார் தாளை நீட்டினாலும் முதலில் வாங்கிப் படிப்பதற்கு. இதைக் கூட்டமைப்பு எல்லாக் குழுவுக்கும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் இப்போது பதினொன்றாவது. கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். போன மாசம் எங்க குழுப் புத்தகத்தில் கூட்டல் சரிபார்த்தது அவள்தான்.