துடைப்பமும் கோப்பும்
(புதுச்சேரியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரியில் பொது நிர்வாகம் ஒரு பாடம். சமூக சேவைன்னா முகாம் போட்டுச் சேரியைப் பெருக்குவது. ஊரையே கூட்டிப் பெருக்குற நமக்குச் சுத்தம் சொல்லித்தர யார் வர்றது? சேவையையும் நிர்வாகத்தையும் பிரிச்சு வச்சதுலதான் சூழ்ச்சி இருக்கு.

அம்பேத்கர் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ.வுக்கு ஆராய்ந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும். பணம் யார்கிட்டேருந்து வருது, எங்க போகுதுங்கிற கேள்வி அது.

அதை நாமும் கேட்கணும். புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964இல்தான் வந்தது. நம்ம சாதிச் சான்றிதழ் அந்தக் காகிதத்தில் தொங்குது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கச் சொன்ன சிறப்புக்கூறுத் திட்டம் 1979இல் வந்தது. பிறகு பேர் மாறிடுச்சு. காசு சேரிக்கு வந்துச்சா?

2005இன் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கு. துடைப்பத்தைக் கீழே போட்டுட்டு ஒரு மனு எழுதுங்க. அதை எழுதக் கத்துத்தராத பட்டம் நமக்கு எதுக்கு?