பழைய ரெசிஸ்டரைத் தூக்கிப் போடலாமா?

(மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



எமர்ஜென்சி விளக்கு, பழைய மின்சாமான்களைப் பழுது பார்த்துக் கொடுப்பது எங்கள் தொழில். குழுக்கடன் வாங்கித்தான் ஆரம்பிச்சோம். ரெண்டாவது மாசமே ஒரு தப்பு பண்ணிட்டோம். அந்தத் தப்பு உங்களுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இன்னைக்குப் பேசுறோம்.

பழைய டிவியைப் பிரிச்சா, உள்ளே வெள்ளையா சின்ன செங்கல் மாதிரி ஒண்ணு இருக்கும். வேறு சில சாமான்களில் பச்சை, பழுப்பு நிறத்தில் பளபளன்னு குழாய் மாதிரி இருக்கும். அதுதான் கம்பி சுற்றிய ரெசிஸ்டர், அதாவது மின்தடை. உள்ளே பீங்கான் தண்டின் மேல் நிக்ரோம் போன்ற கம்பியைச் சுத்தியிருப்பாங்க. மின்சார ஓட்டத்தைக் குறைச்சு, அந்தச் சக்தியைச் சூடாக வெளியே விடுவதுதான் அதன் வேலை. பழைய பெட்டி மாடல் ஃபேன் ரெகுலேட்டரிலும் இந்த மாதிரிச் சுருள்தான்.

மேலே அச்சடிச்சதைப் படிக்கப் பழகணும். '10 டபிள்யூ' என்றால் 10 வாட். '4 ஆர் 7' என்றால் 4.7 ஓம், ஆர் இருக்கிற இடத்தில் புள்ளி வைக்கணும். '1 கே' என்றால் 1000 ஓம். கடைசியில் 'ஜே' இருந்தால், அளவு 5 சதவீதம் கூடலாம், குறையலாம்.

இப்போ எங்க தப்பைக் கேளுங்க. 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்க 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை அப்படியே மாட்டினோம். ஓம் பார்த்தோம், வாட் பார்க்கலை. மேசை கருகிப்போச்சு. ஒரு சகோதரிக்கு விரல் கொப்பளிச்சுப்போச்சு. "நமக்கு எதுக்கு இந்த வேலை? கடனை அடைச்சிட்டு விட்டுடலாம்" என்று பாதிப் பேர் சொன்னாங்க.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுக்கணும். 12ஐ 12ஆல் பெருக்கினால் 144. அதை 10ஆல் வகுத்தால் 14.4 வாட். பத்துப் படி பானையில் பதினாலு படி ஊத்தின கதைதான்!

இப்போ 10 ஓம் ரெசிஸ்டர் ரெண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறோம். மொத்தம் 20 ஓம். சூடு 7.2 வாட், ஒவ்வொண்ணுக்கும் 3.6 வாட்தான். தாங்கும் அளவில் பாதிக்கும் கீழே. நல்லா சார்ஜ் ஏறின பேட்டரி, இதை மாட்டின சில நிமிஷத்திலேயே 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அது தேறாது. அதை வாடிக்கையாளரிடம் மறைக்காமச் சொல்லிடுறோம்.

சகோதரிகளே, இதை மறக்காதீங்க:

1. மின்சாரத்தைத் துண்டிக்காமல் எதையும் பிரிக்காதீங்க. டிவிக்குள்ளே துண்டிச்ச பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், பழகினவங்கதான் பிரிக்கணும்.
2. ரெசிஸ்டரைத் தனியாகக் கழட்டி மல்டிமீட்டரில் அளங்க. காலை ஆட்டும்போது அளவு தாவினால் ஒதுக்கிடுங்க.
3. விரிசல் விட்டது, கருகினது, வாட் தெரியாதது வேண்டாம்.
4. ஓட்டு மேலயோ தகரத்து மேலயோ வைங்க. மரம், பிளாஸ்டிக் கூடாது. சரியாக வேலை செய்யும்போதும் சுடும்.
5. ரொம்பப் பழைய சாமானில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காதீங்க, சுரண்டாதீங்க, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தொழிலை நாங்க விடலை. விட்டுடலாம்னு சொன்னவங்கதான் இன்னைக்கு மல்டிமீட்டர் பிடிக்கிறாங்க.