கணக்குக் கேட்பது பாவமா?

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சர்க்காரும் பெரிய கம்பெனிகளும் ஜனங்களுக்கு ஜவாப்தாரியா, அல்லவா என்பதாகும். இதென்ன, சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுகிற மேடையில் கம்பெனியைப் பற்றிப் பேச்சு வருகிறதே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கோயிலில் உண்டியல் கணக்குக் கேட்டால் "நாஸ்திகன்" என்று சொல்லி வாயை அடைக்கிறார்கள். சர்க்காரிடம் கணக்குக் கேட்டால் "துரோகி" என்கிறார்கள். கம்பெனியிடம் கேட்டால் "முன்னேற்றத்துக்கு விரோதி" என்கிறார்கள. வசவு மூன்றானாலும் நோக்கம் ஒன்றுதான். ஆகவே இதுவும் சுயமரியாதை விஷயமே என்று சொல்லுகிறோம்.

வெறும் தத்துவமாகப் பேசினால் தூக்கம் வரும். ஆதலால் நடந்த சங்கதி ஒன்றை எடுத்துக்கொள்ளுவோம். அது மத்தியப் பிரதேசத்துப் போபால் நகரத்தில் நடந்தது.

1984-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு. அவ்வூரில் யூனியன் கார்பைடு என்னும் அமெரிக்கக் கம்பெனியின் பூச்சிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. அதில் மிதைல் ஐசோசயனேட் என்னும் கொடிய விஷப்பொருளைப் பூமிக்குள் புதைத்த தொட்டிகளில் தேக்கி வைத்திருந்தார்கள். அவற்றுள் 610-ம் நம்பர் தொட்டியில் சுமார் 40 டன் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது, உள்ளே கொதித்தது, நடுநிசிக்கு மேல் விஷ வாயுவாக வெளியே வந்து, சுற்றியிருந்த குடிசைகளின் மேல் படிந்தது. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து ஓடினார்கள். ஓடினவர்களில் பலர் வழியிலேயே விழுந்து மாண்டார்கள்.

எத்தனை பேர் மாண்டார்கள்? செத்தவர்களை எண்ணுவதில்கூட ஒரு யோக்கியமான கணக்கு இல்லை, தோழர்களே! சர்க்கார் முதலில் சொன்ன கணக்கு 2,259. பிறகு நஷ்ட ஈட்டுக்காக ஒப்புக்கொண்டது 5,295. பாதிக்கப்பட்டோர் சங்கத்தார் அது 15 ஆயிரத்துக்கும் 20 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். உடல் கெட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டவுடன் நம் ஜனங்கள் என்ன சொல்லுவார்கள்? "விதி, ஐயா, விதி! அந்த ஜனங்களின் தலையெழுத்து, போன ஜன்மத்து வினை" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். சரி, அந்த விதியைத்தான் கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போமே.

அத்தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஒரு யந்திரம் உண்டு. அது 1984 ஜூன் மாதமே நிறுத்தப்பட்டுவிட்டது. வாயு வெளியேறினால் அதை எரித்துவிட ஓர் உயர்ந்த குழாய் உண்டு. அதன் இணைப்பு கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி விஷத்தைப் போக்க மற்றொரு சாதனம் உண்டு. அது அன்றிரவு வந்த வாயுவைத் தாங்கும் நிலையில் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்று ஆட்களையும் குறைத்திருந்தார்கள். இவற்றில் எந்த யந்திரத்தை நிறுத்தியது பிரம்மதேவன்? எந்தக் குழாயைக் கழற்றியது சனி பகவான்? மனிதன் நிறுத்தினான், மனிதன் கழற்றினான், பணத்தை மிச்சம் பிடிக்கச் செய்தான். மனிதன் செய்த காரியத்துக்கு மனிதனைத்தானே கேட்க வேண்டும்? விதி என்று நாம் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரனுக்கு ஒரு வக்கீல் கூலியில்லாமல் கிடைக்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அன்றியும், இது முன்னெச்சரிக்கை இல்லாமல் வந்த காரியமும் அல்ல. 1981-லேயே அத்தொழிற்சாலையில் விஷ வாயு பட்டு ஒரு தொழிலாளி மாண்டார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் 1982 முதலே, இவ்வூர் எரிமலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற கருத்துப்பட எழுதி எழுதிக் கை சலித்தார். யார் கேட்டார்கள்? பத்திரிகைச் சுதந்திரம் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்துக்கு மதிப்புக் கொடுத்திருந்தால் ஆயிரக்கணக்கான குடிசைக்காரர்கள் உயிரோடிருந்திருப்பார்கள். எழுதுகிறவனின் உரிமை படிக்கத் தெரியாதவனின் உயிருக்கும் காவல் என்பது இதனால் விளங்கவில்லையா?

இன்னொன்றையும் பாருங்கள். விபத்து நடந்த இரவு ஆஸ்பத்திரியில் குவிந்தவர்களுக்கு என்ன மருந்து கொடுப்பது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் வந்த வாயு என்ன, அதற்கு மாற்று என்ன என்று கம்பெனி ஊராருக்கு முன்னதாகச் சொல்லி வைத்திருக்கவில்லை. வேதத்தைச் சூத்திரன் கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததற்கும், விஷத்தின் பெயரைப் பக்கத்துக் குடிசைக்காரன் கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததற்கும் என்ன வித்தியாசம்? முன்னது மானத்தைக் கெடுத்தது. பின்னது உயிரையே கொண்டு போயிற்று.

நிற்க, குற்றம் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். அக்கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் அமெரிக்காவிலிருந்து போபாலுக்கு வந்தார். டிசம்பர் 7-ந் தேதி கைது செய்யப்பட்டார். அன்றே 25 ஆயிரம் ரூபாய் ஜாமீனில் விடப்பட்டு, மாகாண சர்க்காரின் ஆகாய விமானத்திலேயே டில்லிக்கு அனுப்பி வைக்கப்பட்டார். பிறகு அவர் இந்தியக் கோர்ட்டின் படியை மிதிக்கவே இல்லை. 2014-ல் தம் 92-வது வயதில் அமெரிக்காவிலேயே காலமானார். நம் ஊரில் ஒரு ஏழை ஆடு திருடினான் என்று பிடிபட்டால் அவனுக்கு ஆகாய விமானம் கிடைக்குமா? போலீஸ்காரனின் சைக்கிளாவது கிடைக்குமா?

இங்கிருந்த அதிகாரிகள் ஏழு பேருக்கு 2010 ஜூன் 7-ந் தேதி தீர்ப்புச் சொல்லப்பட்டது. விபத்து நடந்து 25 வருஷத்துக்குப் பிறகு! தண்டனை இரண்டு வருஷம். அபராதம் ஆளுக்கு ஒரு லட்சம். அன்றே ஜாமீனும் கிடைத்தது. குற்றச்சாட்டை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது என்னும் சிறு பிரிவுக்குக் குறைத்துவிட்டபடியால் இதற்கு மேல் தண்டிக்க வழியில்லாமல் போயிற்று.

கம்பெனியின் யோக்கியதை இப்படியென்றால், சர்க்காரின் யோக்கியதை என்ன? இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

1985-ல் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அதன்படி பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் பதிலாக வழக்காடும் உரிமையைச் சர்க்கார் தானே எடுத்துக்கொண்டது. அதாவது ஜனங்களுக்குத் தாய் தகப்பன் ஸ்தானத்தில் சர்க்கார் இருக்கிறதாம். ஆகவே பிள்ளைகள் பேச வேண்டியதில்லையாம்! ஏழைகள் அமெரிக்கக் கம்பெனியோடு தனித்தனியே வழக்காட முடியாது, நாங்கள் சேர்ந்து வாதாடுகிறோம் என்று சொன்னதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தகப்பன் என்ன செய்தான்? 300 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்று கேட்ட சர்க்கார், 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு ராஜி செய்துகொண்டது. அப்போதைய மதிப்பில் அது சுமார் 715 கோடி ரூபாய். அதோடு கிரிமினல் வழக்குகளையும் விட்டுவிட ஒப்புக்கொள்ளப்பட்டது. கண் போனவனைக் கேட்டார்களா? பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கேட்டார்களா? ஒருவரையும் கேட்கவில்லை. இப்படிக் கேட்காமல் செய்தது சரியல்ல என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே பின்னால் ஒப்புக்கொண்டது. ஆனாலும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: சர்க்காரைச் சேர்ந்த நிதி ஸ்தாபனங்களும் அக்கம்பெனியின் இந்தியக் கிளையில் பங்குதாரர்களாக இருந்தன. பிராதுக்காரனின் தகப்பன் பிரதிவாதியின் கூட்டாளி! இது எந்த ஊர் நியாயம்?

ராஜிப் பணத்தில் உடல் கெட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது தலைக்கு 25 ஆயிரம் ரூபாய். மீதி பாங்கியில் கிடந்து வட்டி ஏறிய பிறகு, 2004-ல் கோர்ட் உத்தரவின் பேரில் இன்னொரு பங்கு கொடுக்கப்பட்டது. நுரையீரல் கெட்டு ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிடுகிறவனுக்கு இது எத்தனை நாளைக்குப் போதும்? தொகை போதாது, இன்னும் 7,844 கோடி ரூபாய் வேண்டும் என்று சர்க்கார் பிறகு போட்ட மனுவை 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. தள்ளியபோது, பின்னால் நோய் வரக்கூடியவர்களுக்காக இன்ஷூரன்ஸ் எடுக்கும்படி 1991-ல் சொல்லப்பட்டதைச் சர்க்கார் செய்யவே இல்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. ஆக, கம்பெனியைக் குற்றம் சாட்டப் போன சர்க்காரே குற்றவாளியாக நின்றது.

2001-ல் யூனியன் கார்பைடை டௌ என்னும் கம்பெனி வாங்கியது. போபால் பொறுப்பு தன்னுடையதல்ல என்று அது சொல்லிவிட்டது. சொத்துக்கு வாரிசு, கடனுக்கு வாரிசில்லை! தொழிற்சாலையில் மூட்டை கட்டி வைத்திருந்த 337 டன் விஷக் கழிவு 40 வருஷம் அங்கேயே கிடந்து, 2025 ஜனவரியில்தான் அகற்றப்பட்டு, பீதாம்பூரில் எரிக்கப்பட்டது. அந்த ஊரார் அங்கேயும் எதிர்த்தார்கள். தங்கள் வீட்டு வாசலுக்கு வருவது என்னவென்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டல்லவா?

தோழர்களே! இதில் நமக்குப் பெருமை தரும் பகுதியும் உண்டு. பாதிக்கப்பட்ட பெண்கள் சும்மா இருக்கவில்லை. ரஷீதா பீ என்றும் சம்பா தேவி சுக்லா என்றும் இரண்டு பெண்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. காகித சாமான் செய்யும் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்த இடத்தில் பழகினவர்கள். கூலி உயர்வுக்குச் சங்கம் கட்டினார்கள். 1989-ல் மற்றப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டில்லிக்குக் கால்நடையாகவே போனார்கள். விஷ வாயு மதம் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. வீட்டு மூலையில் முக்காட்டுக்குள் இருக்க வேண்டியவர்கள் என்று சமூகம் ஒதுக்கி வைத்த பெண்கள், பட்டதாரிகள் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டார்கள் என்றால், நம் ஆண் பிள்ளைகள் மீசையை முறுக்குவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

போபாலில் செத்தவர்களால் பிறருக்கு உபகாரமும் ஏற்பட்டது. இந்த விபத்தும், 1985-ல் அதே கம்பெனிக்கு அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் ஏற்பட்ட மற்றொரு கசிவும் சேர்ந்து, 1986-ல் அந்நாட்டில் தொழிற்சாலையில் என்ன விஷம் இருக்கிறது என்று ஊரார் அறியும் உரிமைச் சட்டம் வரக் காரணமாயின. இங்கும் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான சாமான்களைப் பற்றித் தொழிலாளர்க்கும் சுற்றுப்புறத்தார்க்கும் தெரிவிக்க வேண்டுமென்று ஏற்பட்டது. ஆனால் சட்டப் புஸ்தகத்தில் இருக்கிற உரிமை, உறையில் இருக்கிற கத்தி. எடுத்தால்தான் காரியம் ஆகும்.

எடுப்பது எப்படி என்கிறீர்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. அதற்கு முன்பே 1997-ல் நம் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. மத்திய சர்க்கார் இலாகாவானால் 10 ரூபாய்க் கட்டணம்; 30 நாளில் பதில் தர வேண்டும்; உயிரைப் பற்றிய விஷயமானால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி உங்களைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. தனியார் கம்பெனியை நேரே கேட்க முடியாவிட்டாலும், அதைப் பற்றிச் சர்க்கார் இலாகா சட்டப்படி வாங்கக்கூடிய விவரத்தை அந்த இலாகா மூலம் கேட்கலாம். வியாபார ரகசியம் என்று மறுப்பார்கள். பொது நன்மை அதைவிடப் பெரிதானால் அதையும் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்லுகிறது. சீட்டு எழுதத் தெரியாதவர்க்கு அதிகாரியே எழுத உதவ வேண்டும் என்றும் இருக்கிறது. கேட்டவனை மிரட்டுகிற ஊர்களும் உண்டு. ஆதலால் தனியாகப் போகாமல் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

எனவே நாம் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவுதான். உங்கள் ஊர் எல்லையில் தொழிற்சாலை இருந்தால், வாய்க்காலில் நிறம் மாறிய தண்ணீர் ஓடினால், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொள்ளாதீர்கள். அதில் என்ன கலக்கிறது, யார் அனுமதி கொடுத்தது, யார் பரிசோதித்தது என்று எழுதிக் கேளுங்கள். சர்க்கார் நமக்குத் தகப்பனுமல்ல, கம்பெனி நமக்குப் படியளக்கும் பெருமாளுமல்ல. சர்க்கார் நம் வரிப் பணத்தில் சம்பளம் வாங்கும் வேலைக்காரன். கம்பெனி நம் மண்ணிலும் தண்ணீரிலும் தொழில் செய்யும் வியாபாரி. வேலைக்காரனும் வியாபாரியும் கணக்குக் காட்ட வேண்டியவர்களே.

நாம் சொன்னதற்காக இதை நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் நாளைக்கே ஒரு சீட்டு எழுதுங்கள். தலையெழுத்தை நம்பினவர்களுக்குப் போபாலில் என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டோம். இனி நம் கையெழுத்தை நம்புவோம்.