நோயுற்றவரின் சொல்: நாட்பட்ட லைம் நோயும் அதனை எழுதியோரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நோய் என்னும் சொல் தமிழ்க் கவிதையில் இரு பொருள்பட வழங்கி வந்துள்ளது. அகப்பாடல்களிலும் காமத்துப்பாலிலும் அது பெரும்பாலும் பிரிவால் விளையும் துயரைக் குறிக்கும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் உடலைப் பற்றும் பிணியைக் குறிக்கும். முதற்பொருளுக்கு நம் கவிதையில் ஈராயிரம் ஆண்டு மரபு உண்டு. இரண்டாம் பொருளுக்கு அத்துணைச் செழிப்பான மரபு இல்லை. சூலைநோய் வருத்தத் திருவதிகையில் திருநாவுக்கரசர் பாடியதாகக் கூறப்படும் முதற்பதிகம் போன்ற சில விதிவிலக்குகளே நினைவுக்கு வருகின்றன.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. காதலாலும் வீரத்தாலும் நிறைந்த இலக்கியத்தில் உடல்நோய்க்கு உரிய இடம் கிடைக்காதது ஏன் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் வினவினார். சாதாரணத் தலைவலியை மருத்துவரிடம் எடுத்துரைக்கக்கூட ஆங்கிலத்தில் சொல் போதவில்லை என்பது அவர் கருத்து.

இவ்வினாவுக்கு ஒரு விடையாக, அமெரிக்க நாட்டில் ஒரு நோயைச் சுற்றி எழுந்த எழுத்துகளைக் கொள்ளலாம். அது லைம் நோய். ஒரு நோயாளி எழுதி வைத்த குறிப்புகளால் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்த நோய் அது. அதன் நாட்பட்ட வடிவமோ இன்றும் எந்தச் சோதனையிலும் தெளிவாக அகப்படாமல், நோயாளியின் சொல்லை மட்டுமே சான்றாகக் கொண்டு நிற்கிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அறியவேண்டிய செய்திகள் இவ்விரண்டிலும் உள்ளன.

குறிப்பேட்டிலிருந்து நுண்ணோக்கிக்கு

கனெக்டிகட் மாநிலத்தில், கனெக்டிகட் ஆறு கடலொடு கலக்கும் இடத்தருகே லைம் என்னும் சிற்றூர் உள்ளது. மரச்செறிவும் மான் நடமாட்டமும் மிக்க ஊர். ஓவியரும் நான்கு பிள்ளைகளின் தாயுமாகிய பாலி மர்ரே அங்கு வாழ்ந்தவர். மூட்டு வீக்கம், தோற்படை, காய்ச்சல், தலைவலி, ஓயாத அசதி ஆகியவை பல ஆண்டுகளாக அவரை மாறிமாறி வருத்தின. மருத்துவர் பலரைக் கண்டார். காரணம் புலப்படவில்லை. எல்லாம் மனத்தின் விளைவு என்று கருதியோரும் உண்டு. பின்னர் அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அதே துன்பங்கள் வந்தன.

பாலி மர்ரே எழுதி வைத்தார். எந்த நாளில் எந்த மூட்டு வீங்கியது, படை எங்குத் தோன்றியது, காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தது என்பவற்றை எல்லாம் குறித்தார். ஊரில் இவ்வாறு துன்புற்ற பிறரையும் அறிந்து பட்டியலிட்டார். 1975இல் அச்செய்திகளுடன் மாநில நலவாழ்வுத் துறையை அணுகினார். அதே ஆண்டில் அவ்வட்டாரத்தின் மற்றொரு தாயும் தம் பகுதிக் குழந்தைகளின் மூட்டு வீக்கத்தைப் பற்றி அத்துறைக்குத் தெரிவித்தார். யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீரும் உடன்பணியாளர்களும் ஆய்வில் இறங்கினர். 1977இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, அடுத்தடுத்து அமைந்த மூன்று ஊர்களில் 51 பேருக்கு இம்மூட்டழற்சி இருந்ததைப் பதிவு செய்தது. அவர்களுள் 39 பேர் சிறுவர்.

சிறுவரைப் பற்றும் வழக்கமான மூட்டுவாதம் இவ்வாறு ஓரிடத்தில் கூட்டமாகத் தோன்றுவதில்லை. நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், மூட்டு வீங்குமுன் தோலில் சிவந்த வட்டம் ஒன்று விரிந்ததை நினைவுகூர்ந்தனர். அத்தகைய படையை உண்ணிக்கடியோடு தொடர்புபடுத்தி 1909இலேயே சுவீடன் நாட்டுத் தோல்மருத்துவர் அஃப்சீலியஸ் கூறியிருந்தார். இவ்வாறு ஐயம் உண்ணியின் மேல் விழுந்தது. நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில், 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் திருகுச்சுருள் வடிவான நுண்ணுயிரியைக் கண்டார். 1984இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நுண்ணுயிரிக்கு அறிவியலாளர் பெயரும் நோய்க்கு ஊர்ப் பெயரும் அமைந்தன. பாலி மர்ரே தம் பட்டறிவை 1996இல் 'விரியும் வட்டம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். தோலில் விரியும் படையையும் ஊரில் விரியும் நோயாளர் தொகையையும் அத்தலைப்பு ஒருங்கே நினைவூட்டுகிறது. அவர் 2019இல் மறைந்தார்.

நோயின் இயல்பு

மாட்டையும் நாயையும் பற்றும் உண்ணியைத் தமிழர் நன்கு அறிவர். லைம் நோயைப் பரப்பும் மானுண்ணியின் இளம்பருவம் கசகசா விதையின் அளவே இருக்கும். கடிப்பது வலிப்பதில்லை. ஆதலால் கடியுண்டதையே அறியாதவர் மிகப் பலர். முதலில் படையும் காய்ச்சலும் தோன்றும். மருந்து உண்ணாவிடின், சில வாரங்களில் முகவாதமோ இதயத்துடிப்பில் தடையோ நேரலாம். சில மாதங்களில் முழங்கால் வீங்கலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்து டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை 10 முதல் 14 நாள் வரை உண்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைவர். அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 4,76,000 பேர் இந்நோய்க்கெனச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டுள்ளது.

தீராத பகுதி

சிகிச்சைக்குப் பின்னும் சுமார் 5 முதல் 10 விழுக்காட்டினர்க்கு வலியும் அயர்வும் நினைவுத் தடுமாற்றமும் ஆறு மாதங்களுக்கு மேலும் நீடிக்கின்றன. இன்று முழங்காலில் இருக்கும் வலி நாளை தோளுக்கு மாறும். உறங்கி எழுந்தாலும் களைப்பு நீங்காது. பழகிய சொல் நாவின் நுனியில் நின்று வெளிவர மறுக்கும். ஒருநாள் சற்றே தெம்பு பெற்று வீட்டு வேலைகளைச் செய்து முடித்தவர், அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பார். புறத்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று பிறர் கூறும் ஆறுதலே அவருக்குப் பெருஞ்சுமை ஆகிவிடும்.

இரத்தச் சோதனை இங்கே துணை செய்வதில்லை. அது நுண்ணுயிரியைத் தேடுவதன்று. நுண்ணுயிரியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. நோய் தொடங்கிய முதல் வாரங்களில் அது தோன்றாமல் இருக்கலாம். நோய் தீர்ந்த பின்னரும் பல ஆண்டுகள் நிலைக்கலாம். ஆகவே, உள்ளே இருப்பது பழைய தடயமா, இன்றைய நோயா என்பதை அது கூறாது.

இந்நிலைக்கு இடும் பெயரே வழக்குக்கு உள்ளாயிற்று. நோயாளர் பலரும் சில மருத்துவரும் 'நாட்பட்ட லைம்' என்கின்றனர்; நுண்ணுயிரி உடலில் இன்னும் வாழ்கிறது என்னும் கருத்து அப்பெயருள் அடங்கியிருக்கிறது. தொற்றுநோய் வல்லுநரோ 'சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க் கூட்டறிகுறி' என்கின்றனர். லைம் தொற்று உறுதிப்படாதவர்க்கும் 'நாட்பட்ட லைம்' என்னும் பெயர் வழங்கப்படுவது சிக்கலை மிகுவிக்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2025இல் வெளியிட்ட அறிக்கை, 'லைம் தொற்றொடு தொடர்புடைய நாட்பட்ட நோய்கள்' என்னும் தொடரை ஆண்டது. இருசாராரும் ஒருங்கமர்ந்து பேசுவதற்கு இடந்தரும் பெயர் இது எனலாம்.

பெயரைப் பொறுத்தே மருந்தும் அமைகிறது. நுண்ணுயிரி வாழ்கிறது என நம்புவோர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நாடுகின்றனர். சிலர் நரம்பில் நிலையாகக் குழாய் பொருத்திக்கொண்டு மருந்து ஏற்றுகின்றனர். இவ்வழியைச் சோதித்த ஆய்வுகளுள் ஒன்று 2001இல் வெளிவந்தது. அதில் 129 நோயாளருள் ஒரு பகுதியினர்க்கு 30 நாள் நரம்புவழியும் 60 நாள் வாய்வழியும் மருந்து தரப்பட்டது. மறுபகுதியினர் பெற்றது வெற்று மருந்து. இருசாராரிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தினரே தேறினர். நெதர்லாந்தில் 280 பேரிடம் நிகழ்த்தி 2016இல் வெளியிட்ட ஆய்வும் நீண்டகால மருந்தால் கூடுதல் பயன் காணவில்லை. தீங்கு நேர்ந்ததும் உண்டு. நரம்புக் குழாய் வழியே கிருமி புகுந்து உயிரிழப்பு வரை சென்ற நிகழ்வை 2017ஆம் ஆண்டின் அரசு அறிக்கை ஒன்று பதிவு செய்துள்ளது.

அதே 2001ஆம் ஆண்டு ஆய்வு மற்றொன்றையும் கண்டறிந்தது. அந்நோயாளரின் உடல்நிலைக் குறைபாடு, இதயச் செயலிழப்பு உடையோரின் குறைபாட்டுக்கு நிகரானது என்பதே அது. மருந்து பயன்படவில்லை என்னும் முடிவை மட்டும் பலர் எடுத்துக்கொண்டனர். துன்பம் மெய் என்னும் முடிவும் அதே பக்கங்களில் அச்சேறியிருந்தது.

நோயை ஆராய்ந்து, அதன் முதற்காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராயவேண்டும் என்பது வள்ளுவர் கூறும் முறை. நாட்பட்ட லைமில் நோய் கண்முன் நிற்கிறது, முதற்காரணம் புலப்படவில்லை. எஞ்சிய நுண்ணுயிரித் துணுக்குகளா, தடுப்பாற்றலின் பிறழ்ச்சியா, நரம்பின் பழுதா என்று ஆய்வு தொடர்கிறது. அதுவரை உறக்கத்தைச் சீராக்குதல், வலியைத் தணித்தல், அளவறிந்த உடற்பயிற்சி, ஆற்றலைப் பகிர்ந்து செலவிடுதல் ஆகியவையே நாளாந்த மருத்துவம். இவற்றுள் எதுவும் வியப்பூட்டும் மருந்தன்று. ஆயினும் காலைதோறும் அவற்றைக் கைக்கொள்ள மிகுந்த மனவுறுதி வேண்டும்.

எழுதியோர்

புதின ஆசிரியர் எமி டான் 1999இல் இந்நோய்க்கு ஆளானார். நோய் இன்னதென்று தெளியச் சில ஆண்டுகள் கடந்தன. இல்லாதன கண்முன் தோன்றின. எழுதும் ஆற்றல் குன்றியது. 2003இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் அவ்வனுபவத்தை அவர் எழுதினார். கதையை நினைவில் தாங்கி நடத்தும் தொழிலினர்க்கு நினைவே நழுவுவது எத்தகைய இழப்பு என்பது அதில் விளங்குகிறது.

தெகரானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொரோச்சிஸ்தா காக்பூர், 2018இல் தம் நோய் வரலாற்றை எழுதினார். அதைக் கால வரிசையால் மட்டும் பகுக்காமல், தாம் வாழ்ந்த ஊர்களால் பகுத்தார். உடலே நிலையான இருப்பிடமாக அமையாதவர்க்கு ஊர் மாறுவதும் மருத்துவர் மாறுவதும் ஒன்றாகிவிடுகின்றன. நலம் பெற்றுவிட்டார் என்னும் வெற்றிக்கதையாக அந்நூல் முடியவில்லை. அம்முடிவை வலிந்து படைக்காத நேர்மையே அதன் சிறப்பு.

கவிஞர் மேகன் ஓரூர்க்கின் 'காணப்படாத அரசு' எனப் பொருள்படும் நூல் 2022இல் வெளிவந்தது. சோதனை முடிவுகள் ஐயத்துக்கு இடமாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி உண்டபின் தம் உடல் தேறியதையும் மறைக்கவில்லை. தேறியதால் எல்லா வழக்கும் தீர்ந்ததாக அவர் கூறவும் இல்லை. தம் உடலில் நிகழ்ந்ததை உறுதியாகவும், அதன் காரணத்தை அடக்கமாகவும் எழுதுகிறார்.

சொல்லின் ஆற்றலும் எல்லையும்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளியை முதலில் நிறுத்தினார். மருத்துவத்தைப் பெறுபவராக மட்டுமன்றி, அதன் ஒரு கூறாகவே அவரைக் கண்டார். பாலி மர்ரேயின் குறிப்பேடு இக்கூற்றுக்கு இருபதாம் நூற்றாண்டுச் சான்று. அவர் சொல்லை நம்பாத வரையில் ஊரில் ஒரு கொள்ளைநோய் இருப்பதே எவர்க்கும் தெரியவில்லை.

எனினும் நோயாளியின் சொல்லுக்கு ஓர் எல்லையும் உண்டு. வலிக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. ஏன் வலிக்கிறது என்பதற்கு அது மட்டும் போதிய சான்று ஆகாது. நாட்பட்ட லைம் பற்றிய பூசலில் ஒருசாரார், காரணம் தெரியவில்லை என்பதற்காக வலியையே மறுத்தனர். மறுசாரார், வலி மெய் என்பதற்காகக் காரணமும் மெய் என்றனர். இவ்விரு தவறுகளுக்கும் இடையே நோயாளி பல ஆண்டுகளை இழந்தார். பாலி மர்ரே நாளும் இடமும் குறித்தார். நுண்ணுயிரியைக் கண்டதாகக் கூறவில்லை. அதனாலேயே அவர் குறிப்பு ஆய்வுக்குத் தாங்குகோலாக நின்றது.

வலிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிவு, மதமதப்பு, மரத்தல், தெறித்தல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு வலியைச் சுட்டும். எலும்பில் குடைச்சல், தசையில் பிடிப்பு, நரம்பில் இழுப்பு. கிராமத்து மூதாட்டியர் இவற்றைப் பிறழாமல் ஆள்வர். அச்சிலோ இவை அனைத்தையும் வலி என்னும் ஒரு சொல்லே விழுங்கிவருகிறது. சமுதாயத்தின் குறைகளை எல்லாம் நோய் என்று உருவகிக்கும் கவிதைகள் ஏராளம். உருவகம் ஏதுமின்றி, நோயை நோயாகவே, நாளும் இடமும் தவறாமல் எழுதும் கவிதைகள் அரியன.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் கவிதை எழுதுவோர் பலர். நாட்பட்ட நோயாளி இல்லாத இல்லமும் சிலவே. சர்க்கரை நோயாயினும், மூட்டுவாதமாயினும், பெயரே தெரியாத அயர்வாயினும், அவர்கள் கூறும் சொல்லைத் திருத்தாமல் கேட்டு எழுதி வைப்பது கவிஞர் செய்யத்தக்க பணி. அதிலிருந்து ஒரு கவிதை பிறக்கலாம், பிறவாமலும் போகலாம். ஆனால் கேட்கப்பட்டோம் என்னும் நிறைவு நோயுற்றவர்க்குக் கிட்டும். என்றேனும் அக்குறிப்பை ஒரு மருத்துவரும் படிக்கக்கூடும்.