சுண்ணாம்பு பட்ட மஞ்சள்



கால்நடை மூலிகை மருத்துவக் கருத்தரங்கில் தலைமையுரை என்றால் முன்னோர் பெருமையில் தொடங்கி எதிர்காலக் கனவில் முடிப்பது வழக்கம். எனக்கு அரைமணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு பசையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மடிநோய்க்கான இந்தப் பசையைத் தஞ்சாவூரில் உள்ள நம் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவர் குழுவினரும் முறைப்படுத்தினார்கள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது.

அரைக்கும்போது பார்த்திருப்பீர்கள். கற்றாழை மடலைத் துண்டுபோட்டு மஞ்சளோடு ஓட்டினால் கொழகொழவென்று ஒரு விழுது வரும். சுண்ணாம்பு விழுந்த இடத்தில் மட்டும் சட்டென்று சிவப்பு கிளம்பும். இன்னும் இரண்டு சுற்று ஓட்டினால் மொத்தமும் செங்கல் நிறமாகிவிடும். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதே வேதியியல்தான்.

இந்தப் பசை எனக்கு முக்கியமாகப் பட்டது ஆய்வகத்தில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெல்டாவில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒற்றை மாடு வைத்திருந்த அம்மா ஒருவர். மாட்டுக்கு ஒரு காம்பில் வீக்கம், பாலில் திரிதிரியாக வந்தது. ஆன்டிபயாடிக் போட்டேன். மூன்று நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள், கீழே கொட்டிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “மூணு நாளு பாலைக் கீழ ஊத்திட்டு, கடன் தவணைக்கு நான் எங்க போவேன் டாக்டரய்யா?” என்றார். சாயங்காலம் அதே தெரு வழியாகத் திரும்பி வந்தபோது, அவர் வீட்டுத் தூக்குவாளி சொசைட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. மருந்து எச்சம் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் இந்தத் தவணைக் கணக்கு எங்கே வருகிறது? எச்சமில்லாத ஒரு வைத்தியம் அந்த அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அவ்வளவு வேண்டியதாக இருப்பதால்தான் அதைக் கறாராகச் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு. மஞ்சளின் குர்குமின் காரத்தில் நிலைத்து நிற்காது; சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். அப்படியென்றால் மடியில் பூசும்போது வேலை செய்வது எது? மிச்சமிருக்கும் குர்குமினா, சிதைந்து வந்த பொருளா, கற்றாழையின் கொழகொழப்பா, வெறும் சுண்ணாம்பா? அப்போதைக்கப்போது அரைத்துப் பூச வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இந்தச் சிதைவுதானா? ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வு இந்த மிக்ஸி ஜாடிக்குள்ளேயே கிடக்கிறது.

அடுத்தது பூசும் முறை. ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவிவிட்டுப் பூசச் சொல்கிறோம். நோயுற்ற மடியை அடிக்கடி காலி செய்வதும் கழுவுவதுமே ஒரு வைத்தியம்தான். ஆகவே, பத்து முறை கழுவி, கறந்து, பசை மட்டும் பூசாத ஒரு மாட்டுக் கூட்டம் ஒப்பீட்டுக்கு வேண்டும். இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை எல்லாம் படித்தேன். அப்படி ஓர் ஒப்பீட்டுக் குழுவை வைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மன்னிக்க வேண்டும், தலைவர் பொய் சொல்லக் கூடாது.

குணம் என்று எதைச் சொல்கிறோம் என்பதும் தெளிவாக வேண்டும். ஈகோலையால் வரும் லேசான மடிநோய் சில மாடுகளில் எதுவும் செய்யாமலே அடங்கிவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படியில்லை. பால் வெள்ளையாகி, வீக்கம் வடிந்து, எல்லோரும் நிம்மதியான பிறகும் மடித் திசுவுக்குள் பதுங்கியிருக்கும். கண்ணுக்குப் பால் நன்றாக இருப்பதை நம்பி எழுதக் கூடாது. கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனைத் தட்டின் நாலு கிண்ணத்திலும் பாலைக் கறந்து, கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பாருங்கள். கெட்டியாகத் திரண்டால் மடிக்குள் சண்டை ஓயவில்லை என்று பொருள். திரளாவிட்டாலும் பாலை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பாருங்கள்.

பல சுருக்கங்களில் “பக்கவிளைவு இல்லாத” என்ற சொல் தயாராக உட்கார்ந்திருக்கிறது. வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்துவிட்டு, வாயில் நுரை தள்ளி விழுந்த மாட்டைப் பார்த்தவர் யாரும் இந்தச் சொல்லை எழுத மாட்டார். சோளமும் இயற்கைதான், அதிலிருந்து வரும் சயனைடும் இயற்கைதான். ஊசி மருந்தைக் கேட்கும் கேள்வியைத் தழையையும் கேட்போம்: எவ்வளவு, எத்தனை நாள், சினை மாட்டுக்கு ஆகுமா?

ஊசி மருந்திடமும் நாம் நேரத்தோடு கேட்கவில்லை என்பது வேறு கதை. டைக்ளோஃபெனாக் மாட்டின் வலியைத் தணித்தது. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி விழுந்தன. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது. அதற்குள் சில இனங்களில் 100க்கு 95க்கு மேல் போய்விட்டன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியவற்றைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக ஊசியையே ஒதுக்கிவிடவும் முடியாது. மாட்டுக் கொள்ளைநோயான வெக்கை நோயை எந்தக் கஷாயமும் ஒழிக்கவில்லை. தடுப்பூசி ஒழித்தது. இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995இல், நம் வடாற்காட்டில். 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். கோமாரி வந்த மாட்டின் வாய்ப்புண்ணுக்கு மூலிகை உருண்டை கொடுங்கள், தாராளமாக. அது தடுப்பூசி போடாததற்குச் சாக்காகிவிடக் கூடாது.

சுவடி படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுவாகட ஏடுகளில் கழஞ்சும் பலமும் கைப்பிடியும் கலந்து வரும். அளவைக்கூட ஒருவழியாகக் கணக்கிட்டுவிடலாம், செடிதான் தகராறு. கீழாநெல்லி என்று கடையில் கொடுக்கும் கட்டுக்குள் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் இரண்டு மூன்று கலந்திருக்கும். பயன்படுத்திய செடியை உலர்த்தி ஒட்டி, எண்ணிட்டு வைக்காத ஆய்வை நான் இனிமேல் பரிந்துரைக்கப் போவதில்லை.

பிற்பகல் கடைசி அமர்வைத் தோல்வியுற்ற நேர்வுகளுக்காக ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த மாட்டில் பசை பலிக்கவில்லை, எப்போது விட்டுவிட்டு ஆன்டிபயாடிக்குக்குப் போனீர்கள் என்பதை அங்கே சொல்லுங்கள். யாரும் முதலில் எழுந்திருக்க மாட்டீர்கள் என்பதால் நானே தொடங்கிவைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலப்பினப் பசுவுக்குப் பசை பூசச் சொன்னேன். ஐந்தாம் நாள் பால் வெள்ளையாக வந்தது. சோதனைத் தட்டும் வைக்கவில்லை, பாலை ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது மடியின் அந்தக் கால்பங்கு கல்லாக இறுகி, காம்பு வற்றிப்போயிருந்தது. என் பழைய நேர்வுக் குறிப்பேட்டில், அந்த மாட்டின் பெயருக்கு நேரே, “குணம்” என்று எழுதி என் கையெழுத்து இருக்கிறது. நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.